முடி நட்டாச்சு சரி, மாத்திரைய நிறுத்தலாமா?

ஹேர் டிரான்ஸ்பிளான்ட் பண்ணிட்டு வர்ற பசங்க மெடிக்கல் கடையில நின்னு மொதல்ல கேக்குறது இதுதான், "அண்ணே, அதான் அவ்ளோ காசு கொட்டி நட்டாச்சே, இன்னும் எதுக்கு இந்த மாத்திரைய முழுங்கிக்கிட்டு". மாத்திரைன்னா சொட்டை ஏறாம தடுக்க எழுதிக்குடுக்கற பினாஸ்டெரைடுதான் பெரும்பாலும், கூடவே தலையில தடவற மினாக்ஸிடிலும் இருக்கும். மன்னார்குடி பக்கம் கடை வச்சிருக்கேன், டாக்டர் கெடையாது, ஆனா சீட்டோட வர்றவங்ககிட்டயும் சீட்டே இல்லாம வந்து நிக்கறவங்ககிட்டயும் இதையே திரும்பத் திரும்ப சொல்றதால ஒரே எடத்துல எழுதி வச்சிடறேன். சுருக்கம் இதுதான்: நட்ட முடிக்கு மாத்திரை பெருசா தேவையில்ல, நடாத முடிக்குத்தான் மாத்திரை. உங்க தலையில நடாத பழைய முடி எவ்ளோ மிச்சம் இருக்கு, அது எவ்ளோ வேகமா போய்க்கிட்டு இருக்கு, அத வச்சுத்தான் முடிவு பண்ணணும். ஆபரேஷன் முடிஞ்சுதா இல்லையாங்கறத வச்சு இல்ல.

ஏன்னு கொஞ்சம் சொல்லிடறேன். ஆம்பளைங்களுக்கு முன்நெத்தி ஏறி, உச்சி வெளுத்து, ரெண்டும் ஒண்ணா சேர்ற வகை சொட்டைக்குக் காரணம் டிஹெச்டிங்கற ஹார்மோன். உடம்புல இருக்கற டெஸ்டோஸ்டிரோன 5-ஆல்ஃபா ரிடக்டேஸ்னு ஒரு என்சைம் டிஹெச்டியா மாத்துது. பரம்பரையா அத தாங்க முடியாத முடிவேரு வருஷா வருஷம் சுருங்கிக்கிட்டே போகும், தடியா இருந்த முடி மெல்லிசாகி, பூனைமுடி ஆகி, ஒருநாள் வெளியவே வராது. பின்மண்டையிலயும் காதுக்கு மேலயும் இருக்கற வேர அந்த டிஹெச்டி அவ்வளவா தொடுறதில்ல, அதனாலதான் முழுச் சொட்டையான பெரியவருக்கும் பின்னாடி ஒரு வளையம் மட்டும் அப்படியே நிக்கும். நியூயார்க்ல ஓரன்ட்ரைக்குன்னு ஒரு தோல் டாக்டர் 1959ல எழுதினாரு, பின்னாடி இருந்து எடுத்து முன்னாடி வச்சாலும் அந்த முடி பின்னாடி கொணத்தோடயே வளருதுன்னு. இன்னைக்கு ஒவ்வொரு வேரா தோண்டி எடுக்கற எஃப்யூஇ, தோல ஒரு பட்டையா வெட்டி எடுக்கற எஃப்யூடின்னு எந்தப் பேருல பண்ணினாலும் அந்த ஒரு விஷயத்த நம்பித்தான் பண்றாங்க.

நம்ம ஊருல இத வெளக்க ரொம்ப பேச வேணாம், நாத்தங்கால்ல பறிச்சு வயல்ல நடுறதுதான். ஒரே வித்தியாசம், இந்த நாத்தங்கால்ல மறுபடி விதை தெளிக்க முடியாது. பறிச்ச எடத்துல திரும்ப முளைக்காது. பெரும்பாலான ஆளுக்கு ஆயுசு முழுக்க எடுக்கக்கூடியது சில ஆயிரம் கிராஃப்ட்தான் (கிராஃப்ட்னா வேரோட எடுக்கற சின்ன முடிக்கொத்து), அத 26 வயசுல ஒரே மூச்சுல முன்னாடி கொட்டிட்டா பின்னாடி வேணுங்கறப்போ கையில இருக்காது.

இப்போ மாத்திரைய நிறுத்தினா என்ன ஆகும்னு பாருங்க. 26, 27 வயசுப் பையன், கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறாங்க, முன்னாடி ரெண்டாயிரத்துச் சொச்சம் கிராஃப்ட் நட்டு ஹேர்லைன் வந்துடுச்சு, தை மாசம் கல்யாணமும் முடிஞ்சுது, அதோட மாத்திரையும் முடிஞ்சுது. முன்னாடி நட்டது நிக்கும், அதுல சந்தேகமில்ல. ஆனா அதுக்குப் பின்னாடி, நட்டதுக்கும் உச்சிக்கும் நடுவுல இருந்த பழைய முடி தன் போக்குல போய்க்கிட்டே இருக்கும், ஏன்னா ஆபரேஷன் அந்த வியாதிய ஒண்ணுமே பண்ணல. சில வருஷத்துல முன்னாடி ஒரு கரை மாதிரி முடி, பின்னாடி வெட்டவெளி, அதுக்கும் பின்னாடி வளையம். சாதாரண சொட்டை பாக்கவாவது இயற்கையா இருக்கும், இது அப்படியும் இருக்காது. மறுபடி நடணும்னா மறுபடி செலவு, அதவிட முக்கியம் பின்னாடி எடுக்க முடி இருக்கணும்.

அதனால மொதல் வேலை, கண்ணாடி முன்னாடி நின்னு உங்க தலையில எது நட்டது எது பழசுன்னு பிரிச்சுப் பாக்கறது. ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்ட எந்த எடத்துல எத்தன கிராஃப்ட் வச்சாருன்னு ஒரு படம் போட்டு வாங்கிக்கங்க, நல்ல டாக்டர்னா எழுதி வச்சிருப்பாரு. நார்வுட் ஸ்கேல்னு 1975ல இருந்து பொழக்கத்துல இருக்கற, சொட்டை எவ்ளோ தூரம் ஏறியிருக்குன்னு சொல்ற ஏழு படி கணக்கு ஒண்ணு இருக்கு, அதுல நீங்க எந்தப் படின்னும் கேளுங்க. மூணாவது நாலாவது படியில இருக்கற சின்ன வயசுக்காரங்க, உச்சியில முடி மெலிஞ்சுக்கிட்டு இருக்கறவங்க, அப்பா தாய்மாமன் எல்லாருக்கும் நாப்பதுக்குள்ள முழுச் சொட்டைன்னு இருக்கறவங்க, இவங்க நிறுத்தினா பெரிய நஷ்டம். அம்பது அம்பத்தஞ்சு தாண்டி, பத்து வருஷமா பெருசா மாத்தமே இல்லாம, மேல காப்பாத்த பழைய முடின்னு ஒண்ணுமே மிச்சமில்லாம நட்டுக்கிட்டவருக்கு மாத்திரையில பிரயோஜனம் கொறச்சல்தான், அவரு டாக்டர்கிட்ட பேசிட்டு நிம்மதியா விட்டுடலாம். நடுவுல இருக்கறவங்கதான் அதிகம், அவங்களுக்கு என் பேச்சு எப்பவும் ஒண்ணுதான், மொதல் ஒரு வருஷம் ஒண்ணையும் நிறுத்தாதீங்க. ஏன்னா அந்த ஒரு வருஷத்துல தலையில என்ன நடக்குதுன்னு யாராலயும் சரியா சொல்ல முடியாது, நட்டது கொட்டும், பழசும் அதிர்ச்சியில கொஞ்சம் கொட்டும், புதுசு மொளைக்கும், எல்லாம் ஒண்ணா நடக்கும்.

ஒவ்வொரு மருந்தா வருவோம்.

பினாஸ்டெரைடு. 1 மி.கி மாத்திரை, சொட்டைக்குன்னு அமெரிக்காவுல 1997ல அனுமதி கெடைச்சது, அதுக்கு முன்னாடி 5 மி.கி.யா ப்ராஸ்டேட் (ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ இருக்கற சுரப்பி) வீக்கத்துக்கு வந்த மருந்துதான். ரத்தத்துல டிஹெச்டிய சுமார் 70 சதவீதம் கொறைக்கும். நட்டவங்களுக்கு இது உதவுமான்னு கேட்டா, 2005ல வந்த ஒரு ஆராய்ச்சி இருக்கு, 79 ஆம்பளைங்கள ரெண்டா பிரிச்சு, ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்னாடில இருந்து 48 வாரம் பின்னாடி வரைக்கும் ஒரு குழுவுக்கு பினாஸ்டெரைடு, இன்னொரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை. போட்டோ வச்சுப் பாத்தப்போ முடி கண்ணுக்குத் தெரிய கூடினது மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 94 சதவீதம், மாவு மாத்திரைக்காரங்கள்ல 67. ரெண்டு குழுவுக்கும் நட்டிருக்காங்க, அதனால ரெண்டு குழுவுலயும் கூடத்தான் செய்யும், நடுவுல இருக்கற அந்த வித்தியாசம் பெரும்பாலும் பழைய முடியக் காப்பாத்தினதுல வந்தது. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா கையில இருக்கறதுல நேரா இந்தக் கேள்விக்கே பதில் சொல்றது.

இத நிறுத்தினா ரெண்டு வாரத்துக்குள்ள டிஹெச்டி பழைய அளவுக்கு வந்துடும். முடி அன்னைக்கே கொட்டாது, அதுலதான் ஏமாந்துடறாங்க, "நிறுத்தி மூணு மாசம் ஆச்சு ஒண்ணும் ஆகலியே"ம்பாங்க. மாத்திரையால தக்கவச்சது மெதுவா போகும், ஒரு வருஷத்துல கணக்குத் தீரும்.

இப்போ எல்லாரும் கேக்க வெக்கப்படறது. கடையில பொம்பளைங்க யாரும் இல்லாத நேரமா பாத்து குனிஞ்சு கேப்பாங்க, அதனால இங்க வெளிப்படையாவே சொல்றேன். தாம்பத்திய ஆசை கொறையறது, விறைப்புல தொந்தரவு, விந்து அளவு கொறையறது, இது மூணும் நெஜமாவே இருக்கற பக்கவிளைவு, மொதல் ஆராய்ச்சிகள்ல ஒவ்வொண்ணும் நூத்துல ரெண்டு பேருக்கும் கீழதான் வந்துச்சு, மாவு மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் அதுல கொஞ்சம் வந்துச்சு. பெரும்பாலானவங்களுக்கு நிறுத்தினா சரியாயிடும், சிலர் நிறுத்தின பிறகும் நீடிக்குதுன்னு சொல்லியிருக்காங்க. மனசு சம்பந்தப்பட்டது இன்னொண்ணு, 2025ல ஐரோப்பிய மருந்து அமைப்பு தற்கொலை எண்ணத்த பினாஸ்டெரைடு மாத்திரையோட பக்கவிளைவா உறுதியா சேர்த்துச்சு. அதனால ஏற்கனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கறவங்க, எடுத்தவங்க, டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும். மாத்திரை ஆரம்பிச்ச பிறகு காரணமே இல்லாம மனசு கனத்துப்போச்சு, தூக்கம் கெட்டுச்சு, வேண்டாத நெனப்பு வருதுன்னா அங்கயே நிறுத்திட்டு டாக்டரப் பாக்கணும், முடியப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.

புள்ளைக்கு முயற்சி பண்றவங்க டாக்டர்கிட்ட அத மொதல்லயே சொல்லிடுங்க, சிலருக்கு விந்தணு எண்ணிக்கை கொறையலாம், அதுக்காக இடைவெளி விடச் சொல்ற டாக்டரும் உண்டு. மாசமா இருக்கற வீட்டுக்காரம்மா உடைஞ்ச மாத்திரையையோ பொடியையோ தொடக்கூடாது, வயித்துல இருக்கறது ஆம்பளப் புள்ளைன்னா அதோட உறுப்பு வளர்ச்சிய பாதிக்கும். முழு மாத்திரைக்கு மேல பூச்சு இருக்கும், அதனால பயமில்ல. இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா 5 மி.கி மாத்திரைய வாங்கி நாலா வெட்டி சாப்பிடற வழக்கம் நம்மகிட்ட இருக்கு, காசு மிச்சம்னு. வெட்டின தூள் சாப்பாட்டு மேசையில கெடக்கும், அத யாரு தொடைப்பா? காசு பிரச்சனைன்னா 1 மி.கி.யிலயே வெலை கம்மியான கம்பெனி கேளுங்க, உள்ள இருக்கறது அதே மருந்துதான்.

அம்பது தாண்டினவங்க ப்ராஸ்டேட்டுக்கு பிஎஸ்ஏங்கற ரத்த டெஸ்ட் எடுத்தா, பினாஸ்டெரைடு சாப்பிடறேன்னு சொல்லணும், இது அந்த அளவ பாதியா காட்டும், டாக்டர் கணக்குல எடுத்துக்கிட்டுதான் படிக்கணும். ரத்ததானம் பண்றவங்க கடைசி மாத்திரை சாப்பிட்டு ஒரு மாசம் கழிச்சுக் குடுங்க, அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாமில்ல.

டூட்டாஸ்டெரைடு. இது இன்னும் வலுவானது, டிஹெச்டிய 90 சதவீதத்துக்கு மேல கொறைக்கும். சொட்டைக்குன்னு தென்கொரியாவுலயும் ஜப்பான்லயும் அனுமதி இருக்கு, அமெரிக்காவுல ப்ராஸ்டேட்டுக்கு மட்டும்தான். உடம்ப விட்டுப் போக மாசக்கணக்காகும், அதனால பக்கவிளைவு வந்தா அதுவும் லேசுல போகாது, ரத்ததானத்துக்கும் ஆறு மாசம் காத்திருக்கணும். பினாஸ்டெரைடுல போதாதவங்களுக்கு டாக்டரா பாத்து மாத்தினா சரி, "அது பெருசாம்ல, அதையே குடுங்க"ன்னு கேட்டு வாங்கறது சரியில்ல.

மினாக்ஸிடில். இது ஹார்மோன் பக்கம் போறதில்ல, முடி வளர்ற காலத்த நீட்டுது. ஆரம்பத்துல ரத்தக்கொதிப்பு மாத்திரையா வந்தது, சாப்பிட்டவங்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததப் பாத்துட்டுத்தான் தலைக்குத் தடவற மருந்தா 1988ல கொண்டுவந்தாங்க. இதோட தொந்தரவு என்னன்னா தடவற வரைக்கும்தான். நிறுத்தினா மூணு நாலு மாசத்துல அதால வந்த முடி கொட்டிடும், கொட்டறப்போ கொத்தா கொட்டும். இத ஆபரேஷன் பண்ணின புதுசுல நிறுத்தினா நட்டதுதான் போகுதுன்னு நெனச்சு ராத்திரி தூங்க மாட்டீங்க.

ஆபரேஷன ஒட்டி எப்படிங்கறதயும் சொல்லிடறேன், ஒவ்வொரு டாக்டரும் நாள் கணக்கு கொஞ்சம் மாத்திச் சொல்லுவாங்க, உங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு. பினாஸ்டெரைடு பொதுவா நிறுத்தவே வேண்டியதில்ல, ஆபரேஷன் அன்னைக்கும் சாப்பிடலாம்னுதான் பெரும்பாலும் சொல்லுவாங்க. மினாக்ஸிடில் ரத்தக்குழாய விரிக்கும், அதனால ரத்தம் அதிகம் கசியக்கூடாதுன்னு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்றவங்க உண்டு, அப்புறம் பொருக்கெல்லாம் உதிர்ந்து தோலு ஆறின பிறகு, ஒண்ணுல இருந்து ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ஆரம்பிப்பாங்க. புண்ணு ஆறாத தலையில தடவினா மருந்து நேரா உள்ள போகும், படபடப்பு தலைசுத்தல் வரும், அவசரப்படாதீங்க. ரெண்டாவது வாரத்துல இருந்து ரெண்டு மாசத்துக்குள்ள நட்ட முடியில பெரும்பாலானது கொட்டும், பயப்பட வேணாம், வேரு உள்ளதான் இருக்கு. மூணு நாலு மாசத்துல மொளைக்க ஆரம்பிச்சு, முழுசா தெரிய ஒரு வருஷம், உச்சிக்கு ஒண்ணரை வருஷம் கூட ஆகும்.

தடவற மொறை பத்தி நம்ம ஊருக்குன்னு சில விஷயம். தேங்காண்ணெய் தேச்ச தலையில மினாக்ஸிடில் ஊத்தினா அது எண்ணெய் மேல மெதந்துட்டு போயிடும். காஞ்ச தலை, வேர்வை இல்லாத நேரம், ஒரு தடவைக்கு ஒரு மில்லி, முடியில இல்ல தோல்ல. நாலு மணி நேரம் தண்ணி படக்கூடாது. நம்ம புழுக்கத்துக்கு காலையில தடவிட்டு உடனே ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு கும்பகோணம் வரைக்கும் வண்டி ஓட்டினா வேர்வையில கரைஞ்சு கண்ணுல எறங்கும், அப்படிப்பட்டவங்க குளிச்சு காஞ்ச உடனே தடவி, நல்லா காயவிட்டுத்தான் கெளம்பணும். ராத்திரியும் படுக்கறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி, இல்லன்னா தலைகாணி ஒறைக்குத்தான் முடி வளரும். தடவின கைய சோப்பு போட்டுக் கழுவணும். வீட்டுல பூனை இருந்தா ரொம்ப ஜாக்கிரதை, பூனைக்கு இது வெஷம், கொஞ்சம் நக்கினாலும் உயிர் போகலாம். அரிப்பும் பொடுகு மாதிரி உதிர்றதும் தொடர்ந்து இருந்தா அதுல கலந்திருக்கற ப்ரொப்பிலீன் கிளைக்கால் ஒத்துக்காம இருக்கலாம், நுரையா வர்ற ஃபோம்ல பெரும்பாலும் அது இருக்காது, மாத்திப் பாக்கலாம்.

மினாக்ஸிடில சின்ன அளவு மாத்திரையாவும் இப்போ நெறய டாக்டர்கள் எழுதறாங்க. தடவற வேலை மிச்சம்தான், ஆனா காலு வீங்கறது, நெஞ்சு படபடப்பு, மொகம் கையில முடி வளர்றது எல்லாம் வரலாம், ஏற்கனவே பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க, இதயத்துல தொந்தரவு இருக்கறவங்க சீட்டு இல்லாம தொடவே கூடாது. கேட்டா நான் குடுக்கறதும் இல்ல.

பயோட்டின்ங்கற வைட்டமின் கலந்த மெல்லற மிட்டாய், வெங்காயச்சாறு எண்ணெய், இதெல்லாம் இந்த வகை சொட்டைக்கு மருந்து கெடையாது, நிறுத்தினா ஒரு நஷ்டமும் இல்ல. பயோட்டின் அதிக அளவுல சாப்பிட்டா தைராய்டு டெஸ்ட் தப்பா காட்டும், டெஸ்டுக்கு முன்னாடி லேப்ல சொல்லுங்க. போர் தண்ணி உப்புத்தண்ணிய திட்டறதும் அப்படித்தான், நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் உப்புத்தண்ணியில முடி சொரசொரன்னு ஆகி நடுவுல ஒடையும், ஆனா நெத்திய ஏத்தி உச்சிய வெளுக்க வைக்கறது தண்ணி இல்ல.

மொட்டை பத்தி கேக்காதவங்களே இல்ல. வைத்தீஸ்வரன்கோயிலு, சமயபுரம், வேளாங்கண்ணி, நாகூரு, ஏதோ ஒரு எடத்துக்கு நேந்துக்கிட்டிருப்பாங்க, புள்ளைக்கு மொத மொட்டை போடறப்போ அப்பனும் போடணும்பாங்க. நட்டு ஒரு வருஷம் தாண்டி முழுசா வளர்ந்த பிறகு மொட்டை போட்டா நட்ட முடிக்கு ஒண்ணும் ஆகாது, கத்தி தோலுக்கு மேலதான் போகுது, வேரு கீழ இருக்கு. ஒரே விஷயம், பின்னாடி முடி எடுத்த தழும்பு தெரியும், எஃப்யூஇன்னா புள்ளி புள்ளியா, எஃப்யூடின்னா ஒரு கோடா. மொதல் சில மாசத்துல மட்டும் கத்திய அண்ட விடாதீங்க, நேர்த்திக்கடன அடுத்த வருஷத்துக்குத் தள்ளிக்கலாம், சாமி கோவிச்சுக்காது. மொட்டை போட்டப்புறம் சந்தனம் பூசுவாங்க, அங்கங்க கத்திக்கீறலும் இருக்கும், அதனால அது ஆறுற வரைக்கும் சில நாள் மினாக்ஸிடில் வேணாம். மாத்திரை வழக்கம்போல.

பொம்பளைங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. நட்டுக்கிட்ட பொம்பளைங்களும் மினாக்ஸிடில தொடர்ந்து தடவறதுதான் வழக்கம், கர்ப்பம் ஆகணும்னு நெனைக்கறப்பயும் பால் குடுக்கறப்பயும் நிறுத்திடணும். புள்ளை பெத்துக்கற வயசுல பினாஸ்டெரைடு கூடாது.

எல்லாம் படிச்சும் நிறுத்தத்தான் போறேன்னா தப்பில்ல, மொறையா நிறுத்துங்க. ரெண்டு மருந்தையும் ஒரே நாள்ல விடாதீங்க, எது எத காப்பாத்திக்கிட்டு இருந்துச்சுன்னே தெரியாது. ஒண்ண நிறுத்தி ஆறு மாசமாவது பாருங்க. நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒண்ணு, அதே எடம், அதே வெளிச்சம், காஞ்ச முடி, முன்னாடி உச்சி பின்னாடின்னு மூணும். தெனமும் கண்ணாடியில பாத்தா மாத்தம் தெரியாது, போட்டோ காட்டிக்குடுத்துடும். உச்சி வெளுக்க ஆரம்பிச்சா சீக்கிரம் திரும்ப ஆரம்பிங்க, மெலிஞ்ச முடிய மருந்து கொஞ்சம் மீட்கும், செத்த வேர மீட்காது. தெனமும் மாத்திரை ஒத்துக்கலன்னா அளவ கொறைக்கலாமா, ஒருநாள் விட்டு ஒருநாள் போதுமா, தடவற பினாஸ்டெரைடுக்கு மாறலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, விடறதுக்கும் தெனமும் சாப்பிடறதுக்கும் நடுவுல வழி இருக்கு. தடவறதும் கொஞ்சம் ரத்தத்துல கலக்கத்தான் செய்யும், அது தெரிஞ்சு வச்சுக்கங்க. டாக்டர்னு சொல்றப்போ, தோல் டாக்டரோ பிளாஸ்டிக் சர்ஜனோ, 2022ல தேசிய மருத்துவ ஆணையமே யாரு இந்த ஆபரேஷன் பண்ணலாம்னு வழிமுறை போட்டிருக்கு, கிளினிக்ல உக்காந்து பேக்கேஜ் பேசற ஆளுகிட்ட மருந்து ஆலோசனை கேக்காதீங்க.

லீவுல வந்து நட்டுட்டு திரும்ப துபாய், சிங்கப்பூர்னு போற கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பசங்க, மாத்திரைய உதிரியா டப்பாவுல கொட்டிக்கிட்டுப் போகாம பேரு தெரியற அட்டையோட, டாக்டர் சீட்டோட எடுத்துக்கிட்டுப் போங்க, அந்த நாட்டுல எவ்ளோ கொண்டுபோகலாம்னு கெளம்பறதுக்கு முன்னாடி பாத்துக்கங்க. மினாக்ஸிடில் பாட்டில்ல ஆல்கஹால் இருக்கு, தீப்பிடிக்கும், ரூமுல அடுப்பு பக்கத்துல வைக்காதீங்க. ரெண்டு வருஷத்துக்கு மொத்தமா கேக்கறவங்களுக்கு, எக்ஸ்பைரி தேதி அதுவரைக்கும் வருதான்னு ஒவ்வொரு அட்டையிலயும் பாத்து வாங்குங்க, வர்லன்னா கொறச்சு வாங்கிட்டு மீதிய ஊருல இருந்து வர்ற யார்கிட்டயாவது சீட்டோட குடுத்துவிடச் சொல்லுங்க.